இயல்பும் எல்லையும்: குருதி வெல்லக் குறிகாட்டிகளின் ஒப்பீட்டு வீச்சுக்கள் தோன்றிய வரலாறு

ஆய்வுகூடத்திலிருந்து வரும் குருதிப் பரிசோதனை அறிக்கையில் இரு நிரல்கள் உள்ளன. முதலாவது நிரலில் நோயாளியின் பெறுமானம் இருக்கும். அதற்கருகே, அடைப்புக்குறிக்குள், இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவ்விரு எண்களுக்கிடையில் தம் பெறுமானம் அமைந்திருப்பின் நோயாளி நிம்மதியுறுவார், அமையாவிடிற் கலங்குவார். முதல் நிரல் அன்று காலை அவரது கையிலிருந்து எடுத்த குருதியினின்று பெறப்பட்டது என்பது வெளிப்படை. இரண்டாம் நிரல் எவருடைய குருதியினின்று, எக்காலத்தில், எம்முறையினாற் பெறப்பட்டது என்ற வினாவை எழுப்புவோர் அரியர்.

வைத்தியபீடத்தார் ஆராயவேண்டிய பொருளைக் கலைப்பீட மாணவரொருவர் கையிலெடுப்பது ஏன் எனச் சிலர் வினவக்கூடும். அவ்விரண்டாம் நிரல் இயற்கை தானே எழுதித் தந்த கூற்றன்று. மனிதர் கூடி, அளந்து, வாதிட்டு, சில வேளைகளில் விட்டுக்கொடுத்து வகுத்த ஓர் ஆவணம் அது. ஆவணங்களைத் தோற்றக்காலத்தில் வைத்து நோக்குவது வரலாற்று மாணவரின் தொழிலாகும். நீரிழிவு நோயை அளக்கும் குறிகாட்டிகளின் வரலாறு இவ்வகை ஆவணங்களுள் மிகுந்த சுவையுடையது. மனித உயிர்களோடு நேரடியாகத் தொடர்புற்றதும் ஆகும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். மேலைத்தேய வைத்தியம் இவ்வெண்களை நீண்டகாலம் ‘நோர்மல்’ பெறுமானங்கள் என்றே வழங்கி வந்தது. இலத்தீன் மொழியில் இச்சொல்லின் வேர் தச்சரின் மூலைமட்டத்தைக் குறிப்பது. எனவே அச்சொல்லின் அடியில் ‘இதற்கு ஏற்பச் செம்மைப்படுத்துக’ என்ற ஏவற் பொருள் உறைகின்றது. நாமோ அதனை ‘இயல்பு’ என மொழிபெயர்த்துக்கொண்டோம். இயல்பு தானே அமைவது, எவரும் வகுக்காதது. மொழிபெயர்ப்பிலே தச்சரும் மறைந்தார், மட்டமும் மறைந்தது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஜோர்ஜ் கங்கிலெம் 1943 இல் தமது வைத்தியக் கலாநிதிப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில் இவ்வேறுபாட்டையே விரிவாக ஆராய்ந்தார். பெரும்பான்மையாகக் காணப்படுவதும் நன்னிலையாகக் கொள்ளத்தக்கதும் ஒன்றல்ல என்பது அவரது வாதத்தின் சாரம் எனலாம்.

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் போக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. பெல்ஜியப் புள்ளிவிபரவியலாளர் அடோல்ப் கெத்தலே 1835 இல் ‘சராசரி மனிதன்’ என்ற கருத்தை முன்வைத்தார். பின்னர் ஸ்கொத்லாந்துப் படைவீரர் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரின் மார்பளவுகளை அவர் ஆராய்ந்து, அவை மணி வடிவ வளைகோட்டில் அமைவதைக் காட்டினார். படைக்கு ஆட்சேர்க்கும்போதே மெலிந்தவர்கள் கழிக்கப்பட்டிருப்பர் என்பது இங்கு நினைவிற் கொள்ளற்பாலது. மாதிரியைத் தெரிந்தெடுத்தவர் எவர் என்ற வினா அன்றே பிறந்துவிட்டது.

இதனை எள்ளி நகையாடியவர் உடற்றொழிலியலின் தந்தையரில் ஒருவரான குளோட் பெர்னார். ஈரலிலே வெல்லம் ஆக்கப்படுவதைக் கண்டறிந்து, நீரிழிவு ஆராய்ச்சிக்குப் புதிய பாதையமைத்தவர் அவரே. பரிசோதனை மருத்துவம் பற்றி 1865 இல் வெளியிட்ட நூலில் அவர் ஒரு செய்தியைக் கூறுகின்றார். ஓர் உடற்றொழிலியலாளர் பல நாட்டவரும் வந்துபோகும் புகையிரத நிலையமொன்றின் சிறுநீர்கழிப்பிடத்திலிருந்து சிறுநீரைச் சேகரித்தாராம். சராசரி ஐரோப்பியரின் சிறுநீர் எத்தகையது என்பதை அதன் பகுப்பினால் உலகுக்கு அறிவிக்கலாமென அவர் நம்பினாராம். அவ்வாறான சிறுநீரையுடைய ஐரோப்பியர் ஒருவர்தாமும் இலர் என்பதே பெர்னாரின் கண்டனம். நகைச்சுவையாகத் தோன்றினும் இக்கண்டனத்துக்கு முழுமையான விடை இன்றுவரை கிடைத்துவிட்டதாகக் கூறமுடியாது.

நீரிழிவுக்கு வருவோம். சிறுநீரின் இனிமையைப் பாரத மருத்துவர் பண்டே அறிந்து ‘மதுமேகம்’ எனப் பெயரிட்டனர். இலிவர்பூல் நகர வைத்தியர் மத்தியூ டொப்சன் 1776 இல் நோயாளியின் சிறுநீரை வற்றவைத்து எஞ்சியது வெல்லமே என நிறுவியதோடு, குருதியின் நீர்ப்பகுதியும் இனிப்பதைக் குறித்தார். இக்காலம் முழுவதும் வினா ‘உண்டா, இல்லையா’ என்பதே. இனிப்பு உண்டெனில் நோய், இல்லையெனில் நோயில்லை. எல்லைக்கோடு எதுவும் தேவைப்படவில்லை. குருதியில் வெல்லம் எல்லோரிடத்தும் எப்போதும் உண்டு எனத் தெளிவான பின்னரே ‘எவ்வளவு’ என்ற வினா எழுந்தது.

அதற்கு அன்றாட ஆய்வுகூடத்துக்கு ஏற்ற விடையை அமெரிக்காவில் ஓற்றோ போலினும் அவரது மாணவரான சீனர் வூ சியெனும் 1919, 1920 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட முறைகள் தந்தன. செப்பு உப்பினை வெல்லம் தாழ்த்தும் இயல்பை அடிப்படையாகக் கொண்ட இம்முறை உலகெங்கும் பரவியது. அதன்படி உணவருந்தாதவரின் குருதி வெல்லம் நூறு மில்லிலீற்றருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை என ஒரு தலைமுறை வைத்தியர் மனனஞ் செய்தனர். ஆயின் குருதியில் வெல்லமல்லாத வேறு சில பொருள்களும் செப்பினைத் தாழ்த்துவன. அவற்றையும் அம்முறை வெல்லமென்றே எண்ணிவிட்டது. குளுக்கோசை மட்டும் தேர்ந்தறியும் நொதிய முறைகள் பின்னர் வந்தபோது எண்கள் ஏறத்தாழ 20 மில்லிகிராம் இறங்கின. மக்களின் குருதி மாறவில்லை. இயல்பு மட்டும் இறங்கியது.

எல்லையை எங்கே வரைவது என்பதிலும் இதேபோன்ற நிலைமை காணப்பட்டது. பொஸ்ரன் நகரில் ஓ’சலிவனும் மாகனும் 1964 இல் கர்ப்பிணிப் பெண்கள் 752 பேரின் பெறுமானங்களைக் கொண்டு, சராசரிக்கு மேல் இரு நியம விலகல்கள் என்ற கணக்கில் கர்ப்பகால நீரிழிவின் எல்லையை வகுத்தனர். அவ்வெல்லையைத் தாண்டிய பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வருகின்றதா என்பதையும் அவர்கள் ஆராய்ந்தனர். குழந்தைக்கு என்ன நேர்கின்றது என்பது அக்கணக்கில் இடம்பெறவில்லை. இவ்வெல்லை பல தசாப்தங்கள் நிலைத்தது.

புள்ளிவிபர எல்லையின் பலவீனத்தை எளிய கணக்கொன்று காட்டும். நலமுள்ளோரின் பரவலில் நடுவிலுள்ள 95 விழுக்காட்டை இயல்பெனக் கொண்டு, இரு முனைகளிலும் இரண்டரை விழுக்காட்டை வெளியே தள்ளுவது வழக்கம். அப்படியாயின் நலமுள்ள இருபது பேருள் ஒருவர் வரைவிலக்கணப்படியே இயல்பற்றவர் ஆகின்றார். ஒன்றையொன்று சாராத இருபது பரிசோதனைகளை ஒரு சுகதேகிக்குச் செய்தால், அவை அனைத்திலும் அவர் எல்லைக்குள் நிற்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 36 விழுக்காடே. பரிசோதனைகள் பெருகப் பெருகச் சுகதேகிகள் அருகுவர்!

இவ்விடர்ப்பாட்டுக்குச் சொல்லளவிலேனும் தீர்வு கண்டவர் பின்லாந்தைச் சேர்ந்த றால்ப் கிறேஸ்பெக். அவரும் சாரிசும் 1969 இல் இப்பிரச்சினையை நோர்டிக் நாடுகளின் ஆய்வுகூட அறிஞர் முன் வைத்தனர். அம்முயற்சியிலிருந்தே ‘இயல்புப் பெறுமானம்’ என்ற தொடரைக் கைவிட்டு ‘ஒப்பீட்டுப் பெறுமானம்’ எனக் கொள்ளும் மரபு வளர்ந்தது. இது வெறும் பெயர்மாற்றமன்று. ஒப்பீடு என்றவுடன் எவரோடு ஒப்பிடுகின்றோம் என்ற வினா உடன்வந்துவிடுகின்றது: வயது என்ன, ஆணா பெண்ணா, உணவருந்தினாரா, எவ்வாறு தெரிவுசெய்யப்பட்டார் என்பனவற்றையெல்லாம் கூறாமல் எண்ணை மட்டும் கூறமுடியாத நிலை ஏற்பட்டது. மருத்துவ இரசாயனத்துக்கான சர்வதேசச் சம்மேளனம் 1980களில் இக்கருத்தை விதிகளாக வகுத்தது. குறைந்தது 120 பேர் கொண்ட குழு வேண்டும் என்ற இன்றைய வழக்கு அவ்விதிமரபிலிருந்து வந்ததே. சொல் மாறிய பின்னரும் நடைமுறையில் வைத்தியரும் நோயாளியும் அடைப்புக்குறி எண்களை இயல்பென்றே வாசிக்கின்றனர்.

குருதிக் குளுக்கோசு மணிக்கு மணி மாறுவது. ஆகவே நீண்ட காலத்துக்குரிய ஒரு குறிகாட்டி தேவைப்பட்டது. அது எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ரக்பர் என்னும் ஆய்வாளர் ஈமோகுளோபினின் பரம்பரை வேறுபாடுகளைத் தேடிக்கொண்டிருந்தார். மின்னோட்டத்தினாற் புரதங்களைப் பிரித்தறியும் முறையில் ஏராளமான நோயாளரின் குருதியைப் பார்த்துவருகையில், வழக்கத்துக்கு மாறான பட்டையொன்று சிலரிடம் தென்பட்டது. அவர்கள் நீரிழிவு நோயாளர். பின்னர் அவர் ஆராய்ந்த நீரிழிவு நோயாளர் 47 பேரிடமும் அப்பட்டை காணப்பட்டது. 1968 இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு, நீரிழிவு நோயாளரின் செங்குருதிக் கலங்களிலுள்ள ‘இயல்பற்ற’ ஈமோகுளோபின் என்பதாகும்.

அவ்வடைமொழி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. நியூயோர்க்கில் ஹெலன் ரான்னி குழுவினரோடு அவர் தொடர்ந்த ஆய்வு 1969 இல் வெளிவந்தபோது, அப்பொருள் முன்னரே அறியப்பட்டிருந்த ஏ1சி என்ற கூறே எனவும், அது நலமுள்ளோர் அனைவரிடத்தும் உண்டு எனவும், நீரிழிவு நோயாளரிடம் ஏறத்தாழ இருமடங்கு உண்டு எனவும் தெளிந்தது. டொப்சன் காலத்து ‘உண்டா இல்லையா’ மீண்டும் ‘எவ்வளவு’ ஆயிற்று. குளுக்கோசு ஈமோகுளோபினோடு மெல்ல மெல்ல ஒட்டுகின்றது; செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாள் வாழ்கின்றது; எனவே ஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதங்களின் வெல்ல நிலையைப் பதிந்து வைத்திருக்கும் ஏடு போன்றது. இதனை 1976 இல் வெளியான ஆய்வுகள் நிலைநாட்டின. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று ஐந்து நோயாளரை மட்டுமே கொண்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ரக்பர் 1979 இல் ஈரானை விட்டு வெளியேறிப் பின்னர் கலிபோர்னியாவில் பணியாற்றினார்.

ஏ1சி அளப்பதற்கு ஆய்வுகூடங்கள் விரைந்தன. ஒவ்வொன்றும் தன் முறையிலே அளந்தது. 1990களின் தொடக்கத்திலும் ஒரே குருதிமாதிரிக்கு ஓர் ஆய்வுகூடம் 4 விழுக்காடு எனவும் இன்னொன்று 8 விழுக்காடு எனவும் அறிக்கை தரும் நிலை அமெரிக்காவில் இருந்தது. முதலாமவர் நலமுள்ளவர், இரண்டாமவர் நோயாளி, இருவரும் ஒருவரே.

இக்குழப்பத்தின் நடுவே 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் முதலாம் வகை நீரிழிவுடைய 1,441 பேரைக் கொண்டு ஒரு பேராய்வு நடைபெற்றது. ஏ1சியை 9 விழுக்காட்டிலிருந்து 7 அளவுக்குக் குறைத்தால் விழித்திரை நோயும் சிறுநீரக நோயும் பெரிதும் குறையும் என்பதை அது ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. அவ்வாய்வின் குருதி மாதிரிகள் மைய ஆய்வுகூடமொன்றில் அளக்கப்பட்டன. ஆகவே ‘7’ என்ற எண்ணுக்குப் பொருள் தந்தது அந்த ஆய்வுகூடத்தின் முறையே. 1996 இல் தொடங்கிய அமெரிக்கத் தேசிய நியமப்படுத்தல் திட்டம் ஏனைய கருவிகள் யாவற்றையும் அவ்வளவுகோலுக்கே இணங்கச் செய்தது.

இதற்கிடையில் சர்வதேசச் சம்மேளனம் இன்னும் தூய முறையொன்றை உருவாக்கி 2002 இல் வெளியிட்டது. ஈமோகுளோபின் சங்கிலியின் நுனியை நொதியத்தால் வெட்டி, வெல்லம் ஒட்டிய துண்டினை மட்டும் எண்ணும் முறை அது. அதன்படி அளந்தபோது, பழைய அளவுகோலின் 7 விழுக்காடு உண்மையில் 5.3 விழுக்காடே எனத் தெரிந்தது. பழைய முறை, போலின் - வூ முறையைப் போலவே, வேறு பொருள்களையும் சேர்த்து எண்ணியிருந்தது.

இவ்விடத்தில் எது சரியான எண்? இரசாயன நோக்கில் 5.3. ஆனால் ஆயிரத்து நானூறு பேரின் பத்தாண்டுக் காலக் கண்களும் சிறுநீரகங்களும் 7 என்ற எண்ணோடு பிணைக்கப்பட்டிருந்தன. எண் இறங்கினால் நோயாளர் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடுவர் என்ற அச்சமும் இருந்தது. அது வீணான அச்சமன்று. சுவீடனில் அளவுகோல் மாறி எண்கள் தாழ்ந்தபோது நோயாளரின் கட்டுப்பாடும் சீர்கெட்டதை 2002 இல் ஓர் ஆய்வுக்குறிப்பு எடுத்துக்காட்டியது. தாம் முன்பு கண்ட எண்ணையே காணும்வரை அவர்கள் தம்மையறியாது தளர்ந்தனர் போலும்! இறுதியில் 2007 இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: புதிய முறையின் பெறுமானத்தை விழுக்காட்டிற் கூறாது, மோலுக்கு மில்லிமோல் என்ற வேறு அலகில் 53 எனக் கூறுவது, பழைய எண்ணையும் சமன்பாட்டினாற் கணித்துத் தருவது. பிரித்தானியா புதிய அலகைத் தழுவியது. அமெரிக்கா பழையதையே வைத்துக்கொண்டது. அமெரிக்க அளவிலும் 0.4 தாழ்ந்த சொந்த அளவைக் கொண்டிருந்த யப்பான் 2012 இல் அதனைக் கைவிட்டது. இது அறிவியலின் தோல்வியன்று என்பதே என் கருத்து. தூய்மையைவிடத் தொடர்ச்சி நோயாளருக்குப் பயன்படும் என்பதை அறிஞர் ஏற்றுக்கொண்டனர், அவ்வளவே.

பின்னர் 2010 இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 2011 இல் உலக சுகாதார நிறுவனமும் 6.5 விழுக்காட்டை நோய்நிர்ணய எல்லையாக ஏற்றன. இவ்வெல்லை சராசரியிலிருந்து பெறப்பட்டதன்று. விழித்திரைப் பாதிப்பு எங்கு ஏறத் தொடங்குகின்றது என்பதைப் பார்த்து வரையப்பட்டது. அரிசோனாவின் பீமா இனத்தவரிடமும் எகிப்திலும் நடந்த முன்னைய ஆய்வுகள் இதற்கு வழிகாட்டின. பெரும்பான்மையினர் எங்கு நிற்கின்றனர் என்பதை விடுத்து, தீங்கு எங்கு தொடங்குகின்றது என்று கேட்கத் தொடங்கியமை இவ்வரலாற்றின் மிகப்பெரிய திருப்பம்.

ஆனால் ஏ1சிக்கு மாற்றாக முன்வைக்கப்படும் குறிகாட்டிகள் இத்திருப்பத்தை இன்னும் அடையவில்லை. செங்குருதிக் கலத்தின் ஆயுள் மாறினால் ஏ1சி பொய்க்கும். ஆதலால் ஈமோகுளோபினைச் சாராத குறிகாட்டிகள் தேடப்பட்டன. நியூசிலாந்தின் ஓக்லாந்தில் ஜோன்சன், மெற்காப், பேக்கர் ஆகியோர் 1983 இல் வெளியிட்ட புரக்டோசமைன் பரிசோதனை, குருதிநீர்ப் புரதங்களில் ஒட்டிய வெல்லத்தை அளப்பது. அப்புரதங்களிற் பெரும்பகுதி அல்புமின் ஆதலின் இரண்டு மூன்று வார நிலையைக் காட்டுவது. செலவு குறைந்தது, எளியது. எனினும் அதன் முதல் தலைமுறையிற் பெறுமானங்கள் இலீற்றருக்கு இரண்டு மில்லிமோலை அண்டியிருக்க, அளவீட்டு நியமம் மாற்றப்பட்ட இரண்டாம் தலைமுறையில் இயல்பு 205 முதல் 285 மைக்குரோமோல் வரையென ஏறத்தாழப் பத்திலொன்றாகியது! இதைக் கண்ட வைத்தியர் பலர் புரக்டோசமைன்மீது நம்பிக்கையிழந்ததில் வியப்பில்லை.

யப்பானியர் வெல்லம் ஒட்டிய அல்புமினைத் தனியே நொதியத்தால் அளக்கும் முறையை வளர்த்து, 11 முதல் 16 விழுக்காடு என்ற வீச்சினைக் கொண்டனர். சிறுநீரகம் செயலிழந்து குருதிச் சுத்திகரிப்புச் செய்வோரிடம் ஏ1சி பொய்யாகத் தாழ்வதால், அங்கு இது பெரிதும் பயன்படுகின்றது. மூன்றாவது குறிகாட்டியான 1,5-அன்ஐதரோகுளுசிற்றோல் விசித்திரமானது. செனெகா என்னும் மூலிகையிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்ட இவ்வெல்லம் உணவுவழி உடலை அடைகின்றது. குருதிக் குளுக்கோசு 180 மில்லிகிராமைத் தாண்டிச் சிறுநீரில் வழியும்போது இதுவும் உடன் வெளியேறுகின்றது. ஆகவே இங்கு எண் தாழ்வதே தீமை.

இம்மூன்றுக்கும் சமுதாய அடிப்படையிலான வீச்சுக்களை வகுத்த ஆய்வொன்று 2016 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மிசிசிப்பியின் ஜக்சன், மினியாப்பொலிசின் புறநகர்கள், வட கரோலினாவிலும் மேரிலாந்திலும் ஒவ்வொரு மாவட்டம் ஆகிய நான்கு சமுதாயங்களிலிருந்து 1990-92 இற் பெற்று உறையவைத்த குருதியே அதன் மூலப்பொருள். நலமுள்ளோராகக் கணிக்கப்பட்ட 1,799 பேரிடம் புரக்டோசமைன் 194.8 முதல் 258.0 மைக்குரோமோல் வரையும், வெல்லம் ஒட்டிய அல்புமின் 10.7 முதல் 15.1 விழுக்காடு வரையும் இருந்தன. மேலெல்லைகள் கறுப்பினத்தவரிடம் சற்று உயர்ந்திருந்தன. யப்பானிய வீச்சோடும் பழைய புரக்டோசமைன் வீச்சோடும் இவற்றை ஒப்பிடுவோர், 270 மைக்குரோமோல் உடைய ஒருவர் ஓர் ஏட்டின்படி எல்லைக்குள்ளும் மற்றோர் ஏட்டின்படி வெளியேயும் நிற்பதைக் காண்பர்.

ஏ1சி எவருக்கெல்லாம் பொய்க்கும் என்பது 2017 இல் மேலும் தெளிவாயிற்று. செங்குருதிக் கலத்தின் ஆயுளைக் குறைக்கும் ஜி6பிடி என்ற நொதியக் குறைபாட்டின் ஒரு மரபணு வடிவம் ஆபிரிக்க அமெரிக்கரில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினரிடம் ஒரு பிரதியாயினும் உள்ளது. அது ஏ1சியைத் தாழ்த்துவதால், அப்பரிசோதனையை மட்டும் நம்பினால் ஏறத்தாழ 6 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் நீரிழிவு அறியப்படாது போகலாமென அவ்வாய்வாளர் கணித்தனர். அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வோ, ஒரே குளுக்கோசு நிலைக்குக் கறுப்பினத்தவரின் ஏ1சி வெள்ளையரினதைவிட ஏறத்தாழ 0.4 உயர்ந்திருப்பதைக் காட்டியது. ஒரே மக்கட்கூட்டத்துள் ஒருவருக்கு எண் கூட்டிக் காட்டும். அயலவருக்குக் குறைத்துக் காட்டும். சராசரி இவ்விருவரையும் அறியாது.

இவ்விடயம் எமது தீவுக்கும் அந்நியமானதன்று. இங்கு தலசீமியா பரவலாக உண்டு. குருநாகலில் அந்நோய்க்கெனத் தனி நிலையம் இயங்குகின்றது. ஈமோகுளோபின் ஈ என்ற வேறுபாடும் எம்மவரிடம் உள்ளது. சில அளவீட்டு முறைகளில் அது ஏ1சியைப் பிறழச் செய்யும். இரும்புக் குறைபாட்டுச் சோகை ஏ1சியை உயர்த்திக் காட்டவல்லது. அது எமது பெண்களிடையே காணப்படுவது. வட மத்திய மாகாணத்தின் சிறுநீரக நோயாளருக்கு இறுதி நிலையில் செங்குருதிக் கலங்களின் ஆயுள் குறையும். இத்தகையோர்க்குப் புரக்டோசமைனோ வெல்லம் ஒட்டிய அல்புமினோ துணைபுரியலாம். ஆனால் ஜக்சனிலும் மினியாப்பொலிசிலும் உறையவைத்த குருதியினின்று பெற்ற எல்லைகளை அவர்களுக்கு அவ்வாறே பொருத்துவது எவ்வளவு தகும்?

சர்வதேச விதிப்படி இங்கேயே ஒரு வீச்சினை வகுப்பதற்கு 120 பேர் போதும். அது பெரிய தொகையன்று; ஒரு கிராமசேவகர் பிரிவிலேயே கிடைப்பர். எனினும் அவர்கள் நலமுள்ளோராதல் வேண்டும். நலமுள்ளோரெனத் தெரிவதற்கு அவர்களது குளுக்கோசு முதலில் அளக்கப்படல் வேண்டும். ஈமோகுளோபின் வேறுபாடுடையோரை அக்குழுவிலிருந்து நீக்குவதா சேர்ப்பதா என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்தல் வேண்டும். நீக்கினால், எவருக்காக மாற்றுக் குறிகாட்டி தேடப்பட்டதோ அவர்களே வீச்சுக்கு வெளியே நிற்பர்.